வேர் உள்ளேயே இருக்கட்டும்

ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வருகிற இளம் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். புதைந்து கிடக்கிற ஞானப் பல்லை எடுக்கும்போது வேர் வர மறுத்தால் என்ன செய்வது? எந்தக் கருவி, எந்தக் கோணம், எலும்பை எவ்வளவு குறைப்பது என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்லித் தரும். நான் இங்கே எழுத நினைப்பது, வேர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை எடுக்காமல் தையல் போட்டு முடித்த ஒரு நாளைப் பற்றி. பாளையங்கோட்டையில் என் மருத்துவமனையை நடத்திக்கொண்டிருந்த கடைசி வருடங்களில் நடந்தது இது.

ரூபி என்னிடம் பல் வலி என்று வரவில்லை. காது வலி என்று வந்தாள்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அவளுடைய அண்ணன் சாமுவேல் பேண்டு செட் நடத்துகிறான். அவன் டிரம் அடிப்பான், இவள் டிரம்பெட் வாசிப்பாள். கல்யாணம், கோயில் பண்டிகை, துக்க வீடு என்று ஆற்றின் இரண்டு கரையிலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வட்டாரத்தில் டிரம்பெட் வாசிக்கிற ஒரே பெண் அவள்தான். அவள் வருகிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் பலர் பேண்டு செட்டையே பேசி முடிப்பார்களாம். இதைப் பெருமையாகச் சொன்னது அண்ணன்தான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காதுக்கு சொட்டு மருந்து விட்டாச்சு, மாத்திர சாப்பிட்டாச்சு. கேக்க மாட்டுக்கு, டாக்டரம்மா. அங்கன உள்ள டாக்டருதான், காதுல ஒண்ணுமில்ல, எதுக்கும் பல்லக் காட்டிட்டு வாங்கன்னு அனுப்புனாரு" என்றான் சாமுவேல்.

"எப்பம்மா வலிக்கும்?" என்று அவளைக் கேட்டேன்.

"வாசிச்சு முடிச்ச பொறவு வலிக்கும். மறுநாளு வாயே தொறக்க முடியாது." அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "பொம்பளப் பிள்ள இப்படி தம் கட்டி ஊதுனா காது நரம்பு அந்துரும்னு ஊர்ல பேசுதாங்க. இவனும் அதக் கேட்டுக்கிட்டு என்ன வீட்லயே விட்டுட்டு கல்யாணத்துக்குப் போயிட்டான்."

"ஏட்டி, ஒன் நல்லதுக்குத்தாம் சொன்னேன்."

வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்கூட நுழையவில்லை. கண்ணாடியையும் விளக்கையும் வைத்து ஒருவாறு கடைசிப் பல்வரைக்கும் போனேன். வலது கீழ்ப்பக்கம், கடைசிப் பல்லுக்கும் பின்னால் ஈறு ஒரு மூடியைப் போல வீங்கிச் சிவந்திருந்தது. அதன் ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளை. பாதி முளைத்து, மீதியை எலும்புக்குள்ளேயே வைத்திருக்கும் ஞானப் பல்லின் நுனி அது. ஈறின் மேல் விரலால் லேசாக அழுத்தினேன். சீழ் வந்தது. ரூபி துள்ளி எழுந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதே வலிதான்! காதுக்குள்ள போகுது!"

"ரூபி, உன் டிரம்பெட் ஒரு தப்பும் பண்ணல" என்றேன். "புதைஞ்சு கிடக்கிற பல்லு ஒண்ணு உள்ள சீழ் பிடிச்சிருக்கு. தாடையில வர்ற வலி சில நேரம் காதுலதான் தெரியும். நீ ஊதினாலும் வலிக்கும், ஊதாட்டியும் வலிக்கும்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "கேட்டியா?" என்று மட்டும் சொன்னாள். சாமுவேல் தலையைச் சொறிந்துகொண்டான்.

நோயைக் கண்டுபிடிப்பது என்பது பல்லுக்குப் பெயர் வைப்பதோடு முடிவதில்லை என்று எனக்குப் புரிந்த சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெண்ணை அவளுடைய தொழிலிலிருந்தே இறக்கிவிடப் பார்த்த ஒரு பேச்சு அந்த அறையில் முடிந்துபோயிற்று. அழுக்கைக் கழுவிவிட்டு மருந்து கொடுத்தேன். வீக்கம் வடிந்ததும் எக்ஸ்ரே எடுத்தேன்.

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. எக்ஸ்ரேயில் அதன் பாதை இரண்டு வெள்ளைக் கோடுகளாக, தண்டவாளம் போலத் தெரியும். ரூபியின் படத்தில் அந்தக் கோடுகள் ஞானப் பல்லின் வேரைத் தொடும் இடத்தில் காணாமல் போயிருந்தன. வேர் அந்த இடத்தில் கறுத்திருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள், அறுவைக்குத் தேதி கொடுக்காதீர்கள். முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். பார்த்ததும் என் சந்தேகம் தீர்ந்தது, நிம்மதியும் போயிற்று. இரண்டு விரல்களுக்கு நடுவே கயிற்றைப் பிடித்திருப்பது போல அந்தப் பல் தன் இரண்டு வேர்களுக்கு நடுவில் நரம்பைப் பிடித்து வைத்திருந்தது.

ஸ்கேனைத் திரையில் போட்டு இருவருக்கும் காட்டினேன். "இந்த நரம்புதான் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்குது. பல்ல வேரோட எடுத்தா இது இழுபடலாம். இழுபட்டா உதடு மரத்துப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள்ல சரியாகும். சிலருக்கு ஆகவே ஆகாது."

"உதடு கோணிப் போகுமா?" என்று கேட்டான் சாமுவேல்.

"கோணாது. அசையும், பேசலாம், சாப்பிடலாம். ஆனா தொட்டா தெரியாது. காபி வழிஞ்சாலும் தெரியாது."

ரூபி தன் கீழுதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். "டாக்டரம்மா, டிரம்பெட்டுல மூணு கட்டதான் இருக்கு. மிச்ச சுரமெல்லாம் உதட்ட வச்சுதான் புடிக்கேன். அது எங்கன இருக்குன்னே தெரியலன்னா நான் எத வச்சு வாசிப்பேன்?"

ஸ்கேனை மறுபடி ஒருமுறை பார்த்தேன். அப்போதைக்கு வலியும் இல்லை, சீழும் இல்லை. பல்லைத் தொட வேண்டாம், சுத்தமாக வைத்துக்கொண்டு கவனித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். எடுக்காமல் விடுவதும் ஒரு சிகிச்சைதான். ஆனால் நோயாளி நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அது சிகிச்சை.

ரூபி கண்ணில் படவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியதும் பேண்டு செட்டுக்கு ஓயாத வேலை. வலி வந்தபோதெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறாள். பிப்ரவரியில் ஒருநாள் காலையில் சாமுவேல் அவளை வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம். காய்ச்சல். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். குரல் வாய்க்குள் துணி அடைத்தது போல இருந்தது.

"சவத்துப் பல்ல இப்பமே புடுங்கி எறிஞ்சிருங்க டாக்டரம்மா!" என்று கத்தினான் சாமுவேல்.

"பல்லு இருக்கட்டும். முதல்ல மூச்சு" என்றேன்.

அந்தக் குரலும் அந்த வீக்கமும் சேர்ந்து வந்தால் பல்லை மறந்துவிட்டுத் தொண்டையைப் பாருங்கள். சீழ் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். என் இடத்தில் வைத்துப் பார்க்கிற நோய் இல்லை அது. மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அவளை அதே காரில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வீக்கத்தைத் திறந்து சீழை வெளியேற்றினோம். ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏறியது. அதே மயக்கத்தில் பல்லையும் எடுத்துவிடலாமே என்று உடன் நின்றவர்கள் கேட்டார்கள். பல பேருக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கும். சீழும் ரத்தமுமாக எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நரம்பைப் பிடித்திருக்கும் வேரில் கைவைக்க எனக்குச் சம்மதமில்லை. வேண்டாம் என்றேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி அந்தப் பல்லை அப்படியே விட்டுவைக்க முடியாது. வேரோடு எடுத்தால் உதடு. விட்டுவைத்தால் அடுத்த தடவை கார் வந்து சேருமா என்று தெரியாது.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. பல்லின் தலையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, வேரை நரம்போடு எலும்புக்குள்ளேயே விட்டு ஈறை மூடிவிடுவது. நீங்கள் இதைப் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். என் காலத்தில் எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. மதுரையில் என்னிடம் முதன்முதலில் அறுவைக் கத்தியைக் கொடுத்த பேராசிரியர், வேரை உள்ளே விட்டு வருகிறவர்களை வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்துவார். மீதம் விட்டால் வேலையே செய்யாத மாதிரி என்பது அவர் கட்சி. அவரிடம் படித்தவள் நான். அப்படி மீதம் விட்ட அறுவைகள் என் கையில் மிகக் கொஞ்சம்தான்.

அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படங்களை அனுப்பினேன். அவர் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருந்தது. பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"நான் செய்ய மாட்டேம்மா" என்றார். "வேரை விட்டா அது அழுகும்னுதான் எனக்குத் தோணுது. முழுசா எடுப்பேன். உதடு போனா அவகிட்ட மன்னிப்புக் கேப்பேன்."

"சார், அவ டிரம்பெட் வாசிக்கிறவ."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்கிற? அவளப் பாத்தது நீ. கை வைக்கப் போறதும் நீ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோபத்தில் சொன்னாரா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. வேறொருவரின் தைரியத்தைக் கடன் வாங்கிக்கொண்டு அறுவை அறைக்குள் போக முடியாது.

ரூபியையும் சாமுவேலையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாமுவேலுக்கு மனசே ஆகவில்லை. "பாதிப் பல்ல உள்ள விட்டுட்டு வாறதா? மறுபடியும் சீழ் வச்சா?"

"வைக்கலாம். அப்ப திரும்பத் திறக்க வேண்டி வரும். வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

ரூபி என் பக்கம் திரும்பினாள். "நீங்க எத்தன பேருக்கு இப்படிச் செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

நோயாளிகள் இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்பதே அபூர்வம். கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். "கை விரலுக்குள்ள அடங்கிரும்மா" என்றேன். "அதுல எல்லாத்தையும் விட உன்னுடையதுதான் கஷ்டம்."

"அப்பம் நிதானமாச் செய்வீங்க" என்றாள். "செய்யுங்க."

ஒரு வாரம் கழித்துக் காலையில் அறுவையை வைத்துக்கொண்டேன். எனக்குத் துணையாக நின்றது என் உதவி மருத்துவர் ஷமீமா. மேலப்பாளையத்துப் பெண். என்னிடம் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நல்ல கை. ஊசி போட்டு உதடும் நாக்கும் மரத்த பிறகு ஈறை விலக்கி, எலும்பைக் கொஞ்சம் குறைத்து, பல்லின் கழுத்தில் டிரில்லை வைத்தேன்.

பல்லை முக்கால்வாசி அறுத்தவுடன் எலிவேட்டர் என்ற நெம்புகருவியை அந்த இடுக்கில் செருகி ஒரு திருப்புத் திருப்பினால் தலை தனியே உடைந்து வந்துவிடும். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஷமீமாவும் பழக்கத்தில் எலிவேட்டரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"வேண்டாம், ஷமீமா. இன்னைக்கி நெம்புறதே கிடையாது."

அந்த ஒரு திருப்பில் தலை உடையும், வேரும் அசையும். வேர் அசைந்தால் நடுவில் இருக்கிற நரம்பு நசுங்கும். அதனால் கடைசி இழை வரைக்கும் அறுத்தே ஆக வேண்டும். மறுபக்கத்தில் நாக்கின் நரம்பு இருக்கிறது. அதற்குத் தடுப்புக் கொடுத்துக்கொண்டு, நூல் நூலாகப் போனேன். ரூபி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவளுடைய வலது கையின் மூன்று விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஏதோ ஒரு பாட்டை மனதுக்குள் முழுசாக வாசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

தலை தனியே வந்தது. ஆனால் வேலை முடியவில்லை. வேரின் மேல்பகுதியை எலும்பு மட்டத்துக்குக் கீழே குறைக்க வேண்டும். பல்லின் மேல்பூச்சு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் புண் மூடாது. உள்பக்கம் எட்டாத இடத்தில் ஒரு மெல்லிய விளிம்பு நின்றது. அதைத் தொடப் போகும்போது ரூபியின் உடம்பு விறைத்தது. மரப்பு குறைய ஆரம்பித்திருந்தது. நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டுக் காத்திருந்தேன். அவள் தாடை களைத்து வாய் தானாக மூடிக்கொண்டு வந்தது. வெளியே சாமுவேல் கதவைத் தட்டினான். "என்ன இம்புட்டு நேரம்? ஏதும் ஆயிப்போச்சா?"

அந்த நேரத்தில்தான் வேரின் ஓரத்திலிருந்து ரத்தம் குபுக்கென்று மேலே வந்தது. ஷமீமா என் காதுக்கருகில் குனிந்து மெல்லச் சொன்னாள்: "மேடம், வேர் ஆடுதோ?"

வேர் ஆடினால் அதை விட்டுவைக்கக் கூடாது. ஆடிய வேர் செத்துச் சீழ் வைக்கும். ஆகவே எடுத்தே தீர வேண்டும், நரம்போடு மல்லுக்கட்டியாவது. எலும்பு திறந்திருக்கிறது. வேர் கண்ணெதிரே இருக்கிறது. எலிவேட்டர் தட்டில் இருக்கிறது. முப்பது வருடமாக வேரை எடுத்தே பழகிய கை, எடு என்று சொன்னது. பேராசிரியரின் குரலும் அதையே சொன்னது. எடுத்துவிட்டால் யாரும் என்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை. வேர் ஆடியது, எடுத்தேன் என்று எழுதிவிடலாம். உதடு மரத்திருக்கிற ஒருத்தியால் அப்போது எதையும் சொல்லவும் முடியாது.

காலை டிரில்லின் மிதியிலிருந்து எடுத்தேன். நனைத்த துணியைக் குழிக்குள் வைத்து விரலால் அழுத்திக்கொண்டேன். "ஷமீமா, நீங்களும் ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா நில்லுங்க" என்றேன். சாமுவேல் மறுபடியும் தட்டினான். நான் விரலை எடுக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது, கண் தெளிவாகப் பார்ப்பது. அதைத் தவிர மற்ற எல்லாமும் காத்திருக்கலாம்.

துணியை எடுத்தேன். ரத்தம் நின்றிருந்தது. முனை மழுங்கிய கருவியை வேரின் மேல் வைத்து, கோழி முட்டையைத் தொடுவது போலத் தொட்டேன். ஒரு பக்கம். மறுபக்கம். இன்னொரு முறை. அசையவில்லை. ரூபி மூச்சு விடும்போது தாடை ஏறி இறங்கியதில், குழியில் நின்ற ரத்தத்தின் மேல் விளக்கு வெளிச்சம் ஆடியிருக்கிறது.

"வேர் ஆடல, ஷமீமா. ரத்தம்தான் ஆடியிருக்கு."

மிச்ச விளிம்பைக் குறைத்தேன். கழுவினேன். ஈறை இழுத்து மூடித் தைத்தேன். தையல் போடும்போதுதான் என் முதுகு நனைந்திருப்பது தெரிந்தது.

உங்களில் பலர் இதோடு கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவீர்கள். ரூபியை வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் நினைத்திருக்கலாம். ஊசியின் மரப்பு இறங்கும்வரை உதட்டுக்கு உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்கிய பிறகுதான் தெரியும். அந்த நேரத்தை அவள் பேருந்தில் தனியாகக் கழிக்க வேண்டாம் என்று தோன்றியது. மத்தியானத்து நோயாளிகளை ஷமீமாவிடம் விட்டுவிட்டு, ஓய்வறையில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் நாக்கு திரும்பி வந்தது. "நாக்கு தெரியுது" என்றாள், பஞ்சைக் கடித்துக்கொண்டே. உதடு வரவில்லை. சாமுவேல் சாப்பிட்டுவிட்டு வந்தான். உதடு வரவில்லை. வெயில் சாய்ந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் போனார்கள். ரூபி நகத்தால் உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். நான் கையை விலக்கிவிட்டேன். திரும்பக் கிள்ளினாள்.

சாமுவேல் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். "டாக்டரம்மா, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. உதடு போயிட்டா?"

"தெரியல, சாமுவேல். ரெண்டாவது ஊசி போட்டதுனால நேரம் ஆகுதுன்னு நினைக்கேன். நரம்ப நான் தொடல. ஆனா உதடு சொன்னாத்தான் உண்டு."

"ஊர்க்காரங்க பேச்சக் கேட்டு அவள வீட்ல விட்டுட்டுப் போனேம்லா..." என்றவன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளேயிருந்து "அண்ணே!" என்று கத்தினாள் ரூபி. இரண்டு பேரும் ஓடினோம்.

"எறும்பு ஊருது" என்றாள். "இங்கன. உதட்டுல எறும்பு ஊருத மாதிரி இருக்கு."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சை நூலாகத் திரித்து அதன் நுனியால் உதட்டைத் தொட்டேன். தொட்டால் கையைத் தூக்க வேண்டும். நடுவில் தொட்டேன், தூக்கினாள். ஓரத்தில் தொட்டேன், தூக்கினாள். தொடாமலும் இருந்து பார்த்தேன், தூக்கவில்லை. முகவாயின் வலது ஓரத்தில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் பஞ்சு பட்டும் கை எழவில்லை. பேனாவால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். "இதுவும் வரும். நாள் எடுக்கும்" என்றேன். இந்த முறை சொல்ல எனக்குப் பயமில்லை. சாமுவேல் தன் தங்கையின் தலையில் கைவைத்தான். "ஏட்டி, பைய எந்திரி. கடைசி வண்டியப் புடிக்கணும்."

அந்த விரல் நுனி இடம் வாரா வாரம் சுருங்கி, ஒருநாள் கோடு போட இடமில்லாமல் போயிற்று. அடுத்த வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, விட்டுவந்த வேர் எலும்புக்குள் மெல்ல மேலே ஏறியிருந்தது. நரம்பு கீழே தன் பாதையில் தனியாக ஓடியது. இனி என்றைக்காவது அந்த வேர் தொந்தரவு கொடுத்தாலும் பயமில்லாமல் எடுக்கலாம். இரண்டு படங்களையும் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் கூப்பிட்டு, "முதல் படத்த விட்டிரு. இது யாரோட படம்?" என்றார். அதே பெண்ணுடையதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. தேதியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தார். ஒருமணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, "இன்னும் பத்து வருஷம் முந்தி இத எனக்குக் காட்டியிருக்கணும் நீ" என்றார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைப்பது, இந்த ஸ்கேனுக்கு வெகு முன்னால் நடந்தது. புண் ஆறும்வரை ஊதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சாமுவேல் டிரம்பெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். நான் அனுமதி கொடுத்த பிறகும் அவள் முதலில் வாசிக்கப்போவது அவர்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையில்தான் என்று முடிவு செய்திருந்தாள். ஊரே பந்தலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம் அன்றைக்கு. என்னையும் ஷமீமாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கோயில் வாசலில் பேண்டு நின்றது. அவள் வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டிருந்தாள். ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவளை வாசிக்க வேண்டாம் என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். டிரம்பெட்டை உயர்த்தினாள். முதல் சுரம் பிசிறி, பாதியில் உடைந்தது. யாரோ ஒருவர் "ஐயோ" என்றார். ஷமீமா என் கையைப் பிடித்தாள்.

ரூபி டிரம்பெட்டைக் கீழே இறக்கினாள். அவசரப்படவில்லை. கீழுதட்டை நாக்கால் நனைத்தாள். திரும்ப வைத்தாள். இடம் சரியில்லை போலிருக்கிறது, எடுத்து ஒரு நூல் தள்ளி வைத்தாள். பிறகு ஊதினாள்.

டிரம் சேர்ந்துகொண்டது. பேண்டு நகர்ந்தது. கூட்டம் பின்னால் நடந்தது. நானும் அவள் பக்கவாட்டிலேயே நடந்தேன். அவள் உதட்டின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது இறுகுகிறது, தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. தெருமுனை திரும்பிப் பாட்டின் கடைசி அடி வந்தபோதுதான், அவள் வாசித்துக்கொண்டிருந்தது சின்ன வயதிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு என்பதே என் காதில் விழுந்தது.